வெளியே போவதைப் பாருங்கள்: நெல்லையில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வீட்டுக் குறிப்பு

சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வாழ வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் பலரும் முதலில் செய்வது ஆர்டர் போடுவதுதான். மூங்கில் பல் துலக்கி, தாமிரக் குப்பி, சிரட்டைக் கிண்ணம், சணல் பை என்று வரிசையாக வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் சுற்றி இரண்டு அடுக்கு பிளாஸ்டிக் இருக்கும். பாளையங்கோட்டையிலோ டவுனிலோ மேலப்பாளையத்திலோ வள்ளியூரிலோ புதுக்குடித்தனம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. முதல் மாதம் ஒன்றும் வாங்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து வெளியே என்ன போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

வெளியே போக மூன்று வழிகள் இருக்கின்றன: குப்பை வாளி, அங்கணம் (பாத்திரம் கழுவும் தண்ணீர் வெளியேறும் இடம்), மின் மீட்டர். இந்த வரிசையிலேயே போவது நல்லது. குப்பைக்குச் செலவே இல்லை, பலனும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மின்சாரத்தில் பணம் போட்டால்தான் பெரிய மாற்றம் வரும். அது கடைசியில் வரட்டும்.

முதல் வாரம்: வாளியைப் பிரியுங்கள்

ஒரு வாளி இருந்த இடத்தில் மூன்று வையுங்கள். பழைய பெயிண்ட் வாளி, அரிசிச் சாக்கு, அட்டைப்பெட்டி எதுவாக இருந்தாலும் போதும். வாளியில் சமையல் கழிவு. சாக்கில் காகிதம், அட்டை, பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம். அட்டைப்பெட்டியில் தீர்ந்த பேட்டரி, ஃபியூஸ் போன பல்பு, காலாவதியான மாத்திரை, உடைந்த தெர்மாமீட்டர். நாப்கின், டயப்பர் இரண்டையும் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். வாங்கிப் பிரிப்பவரும் மனிதர்தான். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துத் தர வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரர்கள் மேல் வைக்கப்பட்டது.

பிரிக்காமல் கொடுத்தால் என்ன ஆகும்? மாநகரக் குப்பை ராமையன்பட்டிக் கிடங்குக்குப் போகிறது. அங்கே தீப்பிடித்துச் சுற்றுவட்டாரம் முழுக்கப் புகை மண்டும் செய்தியைக் கோடைதோறும் நாளிதழில் பார்க்கலாம். சோற்றுக் கழிவும் பிளாஸ்டிக்கும் கலந்து காற்றுப் புகாமல் குவிந்து அழுகினால் மீத்தேன் உண்டாகும். அது எளிதில் எரியக்கூடிய வாயு. பிரித்துவிட்டால் காய்கறித் தோல் வெறும் உரம், பால் கவர் வெறும் பழைய பிளாஸ்டிக். கலந்த பிறகுதான் இரண்டும் குப்பையாகின்றன.

பால் கவரைப் பற்றி ஒரு சிறிய விஷயம். கவரின் மூலையைக் கத்தரிக்கும்போது துண்டு தனியாக விழும்படி வெட்டாதீர்கள். பாதி வரை கீறி, துண்டு கவரோடு ஒட்டியிருக்கும்படி விடுங்கள். அந்த நகமளவு பிளாஸ்டிக்கை யாரும் பொறுக்குவதில்லை, எந்த எந்திரமும் பிரிப்பதில்லை. நேராகச் சாக்கடைக்குப் போகிறது. காலியான கவரைக் கால் தம்ளர் தண்ணீர் விட்டு அலசி, அந்தப் பால் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுங்கள். ஒரு மாதத்துக் கவரைக் கட்டாகக் கொடுத்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். அலசாத கவரை அவர்களும் தொடமாட்டார்கள், நாற்றம் தாங்காது.

இரண்டாவது வாரம் முதல்: பானையில் உரம்

இதைச் செய்தாலே உங்கள் குப்பையில் பாதிக்கு மேல் வாசலைத் தாண்டாது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் காருகுறிச்சியில் இன்றும் மண்பாண்டம் வனைகிறார்கள். அங்கே போகும் வாய்ப்பிருந்தால் வாய் அகன்ற பானை இரண்டு, அவற்றுக்கு மூடி இரண்டு வாங்கி வாருங்கள். விரிசல் விட்ட பானை, சாயம் போன பானை என்றால் குறைந்த விலைக்கே கிடைக்கும். உரத்துக்கு அது போதும். போக முடியாதவர்கள் பழைய பெயிண்ட் வாளியில் பக்கவாட்டில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் பத்திருபது துளைகளும், அடியில் நான்கைந்து துளைகளும் போட்டுக்கொள்ளுங்கள். மண்பானைக்கு ஒரு நன்மை உண்டு: அதன் சுவரே மூச்சுவிடும், ஈரம் அளவாக நிற்கும். அடியில் மட்டும் ஒரு துளை போட்டால் போதும்.

பானையின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டும் காய்ந்த இலையும் போடுங்கள். அதன்மேல் அன்றைய காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு. கழிவு எவ்வளவோ அதே அளவுக்கு, முடிந்தால் இரண்டு மடங்காகக் காய்ந்த சருகை மேலே மூடுங்கள். மாசி, பங்குனியில் வேப்பமரத்தடியில் சருகு கூட்டிக் கூட்டி மாளாது. அதை எரிக்காமல் இரண்டு சாக்கில் அடைத்து வைத்துவிட்டால் மழைக்காலம் வரைக்கும் வரும். உரம் தொடங்கச் சிறந்த காலம் இதனால்தான் பங்குனி என்பேன். சருகு கிடைக்காதவர்கள் தென்னை நார்த்தூளோ மரத்தூளோ பயன்படுத்தலாம்.

முதல் நாள் மட்டும் ஒரு கைப்பிடி சாணமோ, புளித்த மோர் அரைத் தம்ளரோ ஊற்றுங்கள். நுண்ணுயிர் பெருக அதுவே போதும். கடையில் உரக்கலவைத் தூள் என்று பொட்டலம் விற்பார்கள். அது இல்லாமலும் நடக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு குச்சியால் கிளறி மூடி வையுங்கள். பானை நிறைந்ததும் அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு இரண்டாவது பானையைத் தொடங்குங்கள். இரண்டாவது நிறைவதற்குள் முதல் பானை உரமாகியிருக்கும். நம் ஊர் வெயிலுக்கு நாற்பது, ஐம்பது நாள் போதுமானது. கறுத்து, பொலபொலவென்று, மழை நனைத்த மண்ணின் வாசம் வந்தால் தயார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பாதியில் கைவிடுவதற்கு இரண்டு காரணங்கள்தான்: நாற்றம், புழு. நாற்றம் வந்தால் ஈரம் அதிகமாகிக் காற்று குறைந்துவிட்டது என்று பொருள். ஒரு பிடியை எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் லேசாக ஈரம் தெரிந்தால் சரி; தண்ணீர் சொட்டினால் சருகைக் கூட்டிக் கிளறிவிடுங்கள், இரண்டு நாளில் நாற்றம் போய்விடும். பழுப்பும் வெள்ளையுமாகக் கொழுத்து நெளியும் புழு பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. கடிக்காது, நோய் பரப்பாது, நம்மைவிட வேகமாகக் கழிவைத் தின்று தீர்க்கும். பார்க்கச் சகிக்காது என்பது உண்மைதான். மேலே சருகு போட்டு மூடிவிட்டால் கண்ணில் படாது. வெள்ளைப் பூஞ்சையும் நல்ல அறிகுறிதான். மீன் முள், எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றை முதல் சில மாதம் போடாதீர்கள், எலி வரும். சொதி, சாம்பார் மிச்சமானால் தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே கிடக்கும் காயை மட்டும் போடலாம்.

செடி வைக்க இடமில்லாத வளவு வீட்டில் (ஒரே வளாகத்தில் பல குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடு) இந்த உரத்தை என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. தெருவில் ஏதாவது ஒரு ஆச்சி வாசலில் செம்பருத்தியோ கறிவேப்பிலையோ வளர்ப்பார். கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த வாரமே கறிவேப்பிலை உங்கள் வீடு தேடி வரும்.

கடைக்குத் தூக்குச்சட்டியோடு போவது

குப்பையைப் பிரித்ததும் இன்னொன்று கண்ணுக்குத் தெரியும். சாக்கில் சேர்வதில் முக்கால்வாசி, கடையிலிருந்து நீங்களே சுமந்து வந்த உறைதான். தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தையும் அரசு தொடங்கியது. ஆனாலும் மெல்லிய பை இன்னும் கைக்குக் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் எல்லாருக்கும் நேரும் சிக்கல். ஆகவே பையை ஆணியில் மாட்டாதீர்கள். வண்டியின் சீட்டுக்கு அடியில் இரண்டு, அலுவலகப் பையில் ஒன்று மடித்து வைத்துவிடுங்கள். மாவு, தயிர், இறைச்சி, மீன் வாங்கத் தூக்குச்சட்டி. எண்ணெய்க்குப் பழைய குப்பி. செக்கில் வெறும் குப்பியை முதலில் எடை போட்டுக் கழித்துக்கொள்வார்கள். மளிகைக்கு அண்ணாச்சி கடைதான் வசதி. "அண்ணாச்சி, பருப்பை இந்த டப்பாவிலேயே போட்டுத் தாருங்கள்" என்று முதல் தடவை கேட்கும்போது ஒரு பார்வை பார்ப்பார். மூன்றாவது தடவை நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே டப்பாவைக் கை நீட்டி வாங்குவார். அவருக்கும் கவர் செலவு மிச்சம். சூப்பர் மார்க்கெட்டில் இது நடக்காது. அங்கே தக்காளிக்கும் ஸ்டிக்கர் ஒட்ட ஒரு பை வேண்டும்.

வெளியூர் உறவினருக்கு அல்வா வாங்கும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். எவர்சில்வர் டப்பா கொண்டுபோனால் சூடாக அதிலேயே வைத்துத் தரக் கேட்கலாம். கொதிக்கக் கொதிக்க நெய் வழியும் அல்வாவைப் பிளாஸ்டிக் தாளில் கட்டுவது ருசிக்கும் நல்லதில்லை, உடம்புக்கும் நல்லதில்லை.

இந்தச் சீமையில் ஏற்கெனவே புழங்கும் பொருட்களைக் கண்ணெடுத்துப் பாருங்கள். பனையோலைப் பெட்டி, சுளகு, தென்னை வாரியல், ஏனம் தேய்க்கத் தேங்காய் நார், படுக்கக் கோரைப் பாய் எல்லாமே ஆயுள் முடிந்ததும் மண்ணில் மக்கும். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. நேர்த்தியான பட்டுப் பாய் விலை கூடியது; அன்றாடம் விரிக்கச் சாதாரணக் கோரைப் பாயே போதும். கோரை என்று சொல்லிப் பிளாஸ்டிக் பாயை விற்பவர்களும் இருக்கிறார்கள். ஓரத்து இழை ஒன்றை உருவி முறித்துப் பாருங்கள்: கோரை நார் நாராகப் பிரியும், பிளாஸ்டிக் வளையும்.

அங்கணத்துத் தண்ணீர் எங்கே போகிறது

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை ஓடுவது சுமார் 128 கிலோமீட்டர்தான். அதற்குள் இத்தனை ஊருக்குக் குடிக்கவும் பாசனத்துக்கும் அதுவே. நெல்லைக் கால்வாய் டவுனைத் தொட்டு நயினார்குளத்தை நிரப்புகிறது. பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகிறது. அந்தக் கரைகளில் ஒரு நடை நடந்து பாருங்கள். வீட்டு அங்கணத்தின் மறுமுனை எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் வீடுகளில் சோப்பு நன்றாக நுரைக்கும், ஏனென்றால் அது உப்புக் குறைந்த மென்னீர். போர்த் தண்ணீரில் பழகியவர்கள் அதே அளவு சலவைத்தூளை இங்கேயும் கொட்டுகிறார்கள். பாதியாகக் குறைத்துப் பாருங்கள். துணி அதே அளவு வெளுக்கும், அலசும் தண்ணீரும் குறையும்.

அடுத்தது, தண்ணீரிலிருந்து உப்பை நீக்கும் ஆர்.ஓ. எந்திரம். புதுவீடு என்றால் உடனே அதை மாட்டிவிடுகிறார்கள். தேவையா என்று முதலில் பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். யாரிடமாவது இரவல் வாங்கினாலும் போதும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்க அளவு. உங்கள் குழாய் நீர் அதற்கு வெகுவாகக் கீழே இருந்தால், உப்பை நீக்குவதற்காக ஆர்.ஓ. வைக்க வேண்டியதில்லை. கிருமிதான் கவலை என்றால் கொதிக்க வைத்து ஆற்றி மண்பானையில் ஊற்றிக் குடிக்கலாம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உப்புத் தண்ணீரை நம்பியிருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களுக்கு எந்திரம் அவசியமாகலாம். அப்படியானால் அது வெளியே தள்ளும் கழிவுநீரைக் குழாய் போட்டு ஒரு வாளியில் பிடியுங்கள். தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற உதவும். செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பேறிவிடும், வேண்டாம்.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் மூன்றையும் ஒரு சருவச்சட்டியில் சேர்த்துச் செடிக்கு ஊற்றுங்கள். புறவாசலில் இடமிருந்தால் குளிக்கும் தண்ணீரைக் கல்வாழையும் சேம்பும் நட்ட பாத்திக்குத் திருப்பலாம். இரண்டும் ஈரத்தை விரும்பிக் குடிக்கும். சோப்புத் தண்ணீர் தேங்கி நிற்காமல் மண்ணில் இறங்குகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். சொட்டும் குழாய்க்கு அடியில் இரவு ஒரு செம்பை வையுங்கள்; காலையில் அது நிரம்பி வழிந்திருந்தால், வாஷர் மாற்றுங்கள் என்று வீட்டு உரிமையாளரிடம் சொல்ல வேறு வாதம் தேவைப்படாது.

மழைநீருக்கு ஐப்பசிக்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். சமவெளிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக ஏறக்குறைய 1,500 லிட்டர் கைக்கு வரும். புரட்டாசியில் மாடியைக் கூட்டிக் கழுவுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், தூசியும் பறவை எச்சமும் அதில்தான் இருக்கும். அதன்பிறகு வரும் நீரை ஜல்லி, மணல் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகத் தொட்டிக்கோ, போருக்குப் பக்கத்தில் தோண்டிய உறிஞ்சுகுழிக்கோ விடலாம். தொட்டியின் வாயைக் கொசுவலையால் கட்டாவிட்டால் டெங்கு கொசுவை வளர்த்தது போலாகும். நல்ல தண்ணீரில்தான் அது முட்டையிடும்.

துணி விஷயம் ஒன்று. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்தியிருந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருகிறார்கள். அது படித்துறையிலும் பாறையிலும் சிக்கி மாதக்கணக்கில் கிடக்கிறது. செயற்கை இழைத் துணி மக்காது. உறவினர்கள் வந்து தங்களை அங்கே அழைத்துப் போகச் சொன்னால், மாற்றுத் துணியோடு ஈரத்துணிக்கும் ஒரு பை எடுத்துப் போங்கள். குளித்த புண்ணியம் அதனால் குறைவதில்லை.

கடைசியாக மீட்டர்

வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-இல் வந்தது. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். ஆகவே மீட்டரை மாதம் ஒருமுறை நீங்களே பார்த்துக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே சேமிப்பது? நம் ஊரில் மின்விசிறியில்தான். சாதாரண விசிறி 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் ஓடும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் விசிறி ஒன்றுக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று விசிறி என்றால் ஏறக்குறைய அந்த இலவச 100 யூனிட் அளவுக்கு வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் விசிறியைக் கழற்றி எறிய வேண்டாம். பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள், அதிகம் ஓடும் அறையிலிருந்து தொடங்குங்கள்.

மாடி வீட்டில் மேல்தளத்தில் குடியிருப்பவர்கள் மாசியிலேயே மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்துவிட வேண்டும். தளத்தைக் கழுவி ஈரமாக்கி, நீர்த்து வடிகட்டிய சுண்ணாம்பில் வெள்ளைச் சிமெண்டும் கொஞ்சம் பெவிகாலும் கலந்து இரண்டு பூச்சு. பட்ட வெயிலைத் திருப்பி அனுப்புவதால் இரவில் தளம் கக்கும் சூடு குறையும். ஆனி, ஆடிக் காற்று தொடங்கியபின் எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வைத்தால் ஏ.சி.யை மறந்துவிடலாம். போட்டே ஆக வேண்டிய சித்திரை இரவுகளில் 24 டிகிரியில் வைத்து, விசிறியையும் மெதுவாக ஓடவிடுங்கள்.

சமையல் எரிவாயுவுக்கு ஒரு வரி: பருப்பையும் அரிசியையும் அரைமணி நேரம் முன்பே ஊறவையுங்கள், கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள்.

சொந்த வீடு என்றால் கூரைச் சூரிய மின்சாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம் அறிவிக்கப்பட்டது. முதலில் முழுத் தொகையையும் நீங்கள் கட்டி, இணைப்பு கிடைத்தபின் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும் முறை என்பதால், கடன் வாங்குவதாக இருந்தால் அதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். முன்பே விசிறியை மாற்றி, மாடிக்கு வெள்ளையடித்து, இரண்டு பில் பார்த்துவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள். மூன்று கிலோவாட் வேண்டும் என்று நினைத்த வீட்டுக்கு இரண்டே போதும் என்று தெரிய வரலாம். பலகை வைக்கும்போது தண்ணீர்த் தொட்டியின் நிழலும் தென்னையின் நிழலும் எந்த நேரத்தில் எங்கே விழுகின்றன என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்து இடத்தைக் குறித்துக் கொடுங்கள். பொருத்த வருபவர் காலையில் வந்து மதியம் போய்விடுவார், மாலை நிழல் அவர் கண்ணில் படாது.